பழனி மலையில் ரோடு போடும் முன் தொல்லியல் கள ஆய்வு: முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலை ஒட்டிய பழனி மலைத்தொடரில் தாண்டிக்குடி, பெரும்பாறை, பண்ணைக்காடு, கே.சி.பட்டி பக்கம் ஒரு ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் ஊரில் கேட்கிற முதல் கேள்வி எத்தனை மரம் போகும், அடுத்தது யாருடைய பட்டா நிலம் போகும். ரெண்டும் கேட்க வேண்டியவைதான். மூன்றாவதாக ஒன்றைக் கேட்க ஆள் வருவதில்லை. அந்தப் பாதையில் பழைய கல் என்னென்ன இருக்கிறது என்ற கேள்வி. கல்திட்டை (பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய பழங்கால ஈமச்சின்னம்), கல்வட்டம், நடுகல், கருங்கல் பாவிய, மக்கள் நடந்த பழைய பாதை, இந்த மலையின் பழங்குடிகளான பளியர்கள் இன்றும் கும்பிடுகிற சாமிப் பாறை என்று இந்த மலையில் எங்கே கை வைத்தாலும் ஏதாவது ஒன்று இருக்க வாய்ப்புண்டு.

ஊராட்சி உறுப்பினர்கள், வரலாறு படிக்கிற கல்லூரி மாணவர்கள், எஸ்டேட்காரர்கள், நெடுஞ்சாலைத் துறையிலும் ஊராட்சி ஒன்றியத்திலும் வேலை பார்க்கிற இளம் பொறியாளர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் வேலையில் பெரும்பகுதி மண்ணைத் தொடாத வேலை. நடப்பது, பார்ப்பது, கேட்பது, எழுதி வைப்பது. அதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

எப்போது உள்ளே போக வேண்டும்

மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். எஸ்டிமேட் முடிந்து, டெண்டர் முடிந்து, ஒப்பந்தக்காரர் ஜேசிபியை மலையேற்றிய பிறகு போய் ஒரு கல்திட்டையைக் காட்டினால் அது சண்டையில்தான் முடியும். வண்டி வாடகை ஓடிக்கொண்டிருக்கும், ஆட்கள் கூலிக்கு நிற்பார்கள், ரோட்டுக்காகப் பல வருஷம் காத்திருந்த ஊரே உங்களை முறைத்துப் பார்க்கும். அதே திட்டையைச் சர்வே நடக்கும்போதே காட்டியிருந்தால் பொறியாளர் ரோட்டுக்கோட்டைப் பத்து மீட்டர் தள்ளி வரைந்திருப்பார், அதோடு முடிந்திருக்கும். கோடு காகிதத்தில் இருக்கும்வரை அதை நகர்த்துவது சுலபம்.

கிராமச் சாலைகளுக்கு இதற்கென்றே ஒரு வாசல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2000இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், பாதையை முடிவு செய்யும் முன் இளநிலைப் பொறியாளர், ஊராட்சித் தலைவர், வருவாய்த் துறை ஆள், தேவைப்பட்டால் வனத்துறை ஆள், ஊர் மக்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பாதை முழுக்க நடந்து பார்க்க வேண்டும், அதன் குறிப்பைத் திட்ட அறிக்கையோடு இணைக்க வேண்டும் என்று விதி உண்டு. அந்த நடையில் நீங்கள் இருக்க வேண்டும். 'இந்த மலை முனையில் மூன்று கல்திட்டைகள் உள்ளன, பாதை இதைத் தவிர்க்க வேண்டும்' என்ற ஒரு வரியை அந்தக் குறிப்பில் ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பெரிய ரோடு என்றால் வழி வேறு. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் மலைப்பகுதியில் மாநில நெடுஞ்சாலையை விரிவாக்குவது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் வருகிறது. அதற்கான விண்ணப்பப் படிவத்தில் 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் பண்பாட்டு மதிப்புள்ள பாதுகாக்கப்பட்ட இடங்கள் இருக்கின்றனவா என்று கேட்கிறார்கள். இங்கே ஒரு சிக்கல். கேள்வி பாதுகாக்கப்பட்ட இடங்களைப் பற்றி மட்டும்தான், நம் மலையிலுள்ள திட்டைகளில் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை, அதனால் 'இல்லை' என்று எழுதினாலும் அது பொய்யாகாது. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010 திருத்தமும் சொல்கிற 100 மீட்டர் தடை எல்லை, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறை எல்லை எல்லாம் அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்குத்தான். எல்லா ரோட்டுக்கும் முன்கூட்டியே தொல்லியல் ஆய்வு கட்டாயம் என்று சொல்லும் தனிச்சட்டம் நம்மிடம் இல்லாததால்தான் ஊர்க்காரர்கள் நடந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உலக வங்கி அல்லது ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடக்கும் வேலை என்றால் நிலைமை கொஞ்சம் மேல். பட்டியலில் இல்லாத தொல்லிடங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனையிலேயே இருக்கிறது. ஆகவே பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் விசாரியுங்கள்.

திட்ட அறிக்கையும் வரைபடமும் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த முப்பது நாளையும் கணக்கில் வைத்து முன்னதாகவே போடுங்கள்.

நடப்பதற்கு முன் படிப்பு

பழனி மலைத் திட்டைகளைப் பற்றி 1928லேயே ஒரு நூல் வந்திருக்கிறது. செண்பகனூர் இயேசு சபைப் பாதிரியார்கள் ஆங்லேடும் நியூட்டனும் மலை முழுக்க நடந்து எழுதியது, இந்தியத் தொல்லியல் துறையின் நினைவேடு வரிசையில் 36ஆம் எண். உங்கள் ரோடு போகும் பகுதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போது அவர்கள் பார்த்தது இப்போதும் இருக்கிறதா என்று சரிபார்ப்பதே தனி ஆய்வு. அப்புறம் தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அகழாய்வே நடந்திருக்கிறது. மலையடிவாரத்துப் பொருந்தலில் 2009, 2010இல் அவர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்காகத் தோண்டியபோது ஓர் ஈமச்சின்னத்துக்குள் நெல் கிடைத்தது, அதன் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 490 என்று கணிப்பு வந்தது. அடிவாரத்தில் அப்படி ஓர் ஊர் இருந்திருக்கிறது என்றால் மேலே ஏறும் ஒவ்வொரு பழைய தடத்தையும் சும்மா ஒற்றையடிப் பாதை என்று தள்ளிவிட முடியாது.

வரைபடங்களில் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள் ஒன்று, கிராம வரைபடம் ஒன்று, புலப்படம் (புல எண்களின் எல்லையைக் காட்டும் நில அளவைப் படம்) ஒன்று இருந்தால் போதும். ரோட்டுக்கோட்டை இந்த மூன்றிலும் பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படம் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களுக்கடியில் எதையும் காட்டாது, ஆனால் மரமில்லாத பாறை முனைகளை அழகாகக் காட்டும். அந்த முனைகள்தான் உங்களுக்கு வேண்டும், ஒவ்வொன்றையும் வட்டம் போட்டு வையுங்கள்.

ஊரில் கேட்பது

'தொல்லியல் சின்னம் ஏதாவது இருக்கா?' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'பாண்டவர் வீடு எங்க இருக்கு?', 'குள்ளர் வீடு இருக்கா?' என்று கேளுங்கள், திட்டையை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கொடைக்கானல் பக்கத்துப் பேத்துப்பாறையில் திட்டைகளுக்குக் குள்ளர் குகை என்றே பேர். தேன் எடுக்கப் போகிற பளியர் பெரியவர், எஸ்டேட்டில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர், மாடு மேய்க்கிறவர்கள், இவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த ஆவணத்திலும் கிடையாது. எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். மழை வந்தால் ஒதுங்குகிற கல் எது, சாப்பாட்டுத் தூக்கை வைக்கிற கல் எது என்று அவர்கள் சொல்வார்கள், போய்ப் பார்த்தால் அது திட்டையாக இருக்கும்.

சாமி இருக்கும் இடத்தைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். அவர்கள் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், அது அவர்கள் உரிமை. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 5 பழங்குடிக் கிராம சபைக்குத் தன் பண்பாட்டு, இயற்கைப் பாரம்பரியத்தைக் கெடுக்கும் எதிலிருந்தும் காத்துக்கொள்ளும் அதிகாரம் கொடுக்கிறது. கிராம சபையே தீர்மானம் போட்டுவிட்டால் உங்கள் அறிக்கையை விட அதற்கு எடை அதிகம்.

எங்கெல்லாம் நடக்க வேண்டும்

ரோட்டின் நடுக்கோட்டை மட்டும் நடந்துவிட்டுத் திரும்பினால் ஆய்வு செய்ததாக அர்த்தமில்லை. மலை ரோட்டில் அழிவு தாரில் நடப்பதில்லை, தாருக்கு வெளியில்தான் நடக்கிறது. எங்கெங்கே என்று விரித்தே சொல்கிறேன்.

வெட்டி எடுத்த மண்ணும் பாறையும் எங்கே கொட்டப்படும் என்று கேளுங்கள். பள்ளத்துப் பக்கம் தள்ளிவிட்டால் அது உருண்டு போய் நிற்கும் இடம்வரை நீங்கள் இறங்கிப் பார்த்தாக வேண்டும். கருங்கல் எங்கிருந்து வரும்? தடுப்புச் சுவருக்கும் சிறுபாலத்துக்கும் நல்ல தட்டையான பலகைக் கல் வேண்டும், கல்திட்டையில் அதே மாதிரிக் கல் தயாராகச் செதுக்கி நிறுத்தியிருக்கும். பழைய சிறுபாலங்களின் மூடுகல்லைக் குனிந்து பாருங்கள், சிலவற்றில் வட்டமாகக் குடைந்த துளையின் பாதி தெரியும். அது திட்டையின் இடுதுளைப் பலகையாக (வட்டத் துளை குடைந்த பக்கக் கல்) இருக்கலாம், அதையும் படம் எடுத்துப் பதிவு செய்யுங்கள். தொழிலாளர் கொட்டகை, தார் கலக்கும் இடம், ஜல்லி குவிக்கும் இடம், வண்டி திருப்பும் இடம் எல்லாவற்றுக்கும் சமதளம் வேண்டும். மலையில் சமதளம் குறைவு. நம் முன்னோர்கள் திட்டை கட்டியதும் அதே மாதிரி இடத்தில்தான், பாறை வெளியே தெரிகிற, நாலு பக்கமும் பார்வை விரிகிற அகன்ற முனைகளில்.

கொண்டை ஊசி வளைவு வருகிற இடம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. உள்வளைவின் ஆரமே குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரசின் விதி. அதோடு ரோட்டின் அகலம், ஓரம், வடிகால், வெட்டுச்சரிவு எல்லாம் சேர்ந்தால் ஒரு வளைவு ஒரு முனையையே விழுங்கிவிடும். செங்குத்துச் சரிவில் வளைவு போட முடியாது, அதனால் பொறியாளர் முனையைத் தேடித்தான் வருவார். எனவே ரோட்டில் எத்தனை கொண்டை ஊசி வளைவு வருகிறதோ அத்தனை முனைகளையும் ஒன்று விடாமல், முழுசாக, தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் பாருங்கள். மற்ற இடங்களில் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், வளைவுகளில் முனையின் விளிம்புவரை போங்கள்.

நடக்கும் முறை எளிது. நாலைந்து பேர் பத்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று, சரிவில் மேலும் கீழும் ஏறாமல் ஒரே உயரத்தில் பக்கவாட்டாக நடக்க வேண்டும், கடைசி ஆள் கயிறோ துணியோ கட்டி அடையாளம் வைத்தபின் வரிசை அடுத்த பட்டைக்கு மாறித் திரும்ப வேண்டும். உண்ணிச்செடி அடைத்துக் கிடக்கும் இடத்தில் உள்ளே புக முடியாது, 'பார்க்க முடியவில்லை' என்று எழுதி வையுங்கள், 'ஒன்றும் இல்லை' என்று எழுதாதீர்கள். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின்னால் பெரிதாக வரும், ஏனென்றால் பார்க்க முடியாத இடத்தில் செடி வெட்டும்போது யாராவது கூட நிற்க வேண்டும் என்று கேட்க அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

காலம், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி, பிப்ரவரி. புல் காய்ந்து படிந்திருக்கும், அட்டை குறைவு. காட்டுமாடு நிற்கும் சோலை ஓரங்களில் காலை, மாலை போகாதீர்கள். காப்புக்காடு, சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி எழுத்தில் வாங்காமல் கால் வைக்காதீர்கள்.

கண்ணில் படுவது என்ன

நம் மலைப் பாறை தகடு தகடாக உரிகிற பாறை. அதனால் சாய்ந்து கிடக்கிற பலகைக் கல்லெல்லாம் திட்டை ஆகிவிடாது. நான் பார்க்கிற முதல் அடையாளம் செங்கோணம். ரெண்டு பலகைகள் ஒன்றுக்கொன்று நேர் குறுக்காக நிற்கின்றனவா, அடியில் ஆப்பு மாதிரிச் சின்னக் கற்களை இறுக்கி வைத்திருக்கிறார்களா? இயற்கை அப்படி வைக்காது. முழுத் திட்டை என்றால் மூன்று பக்கம் நிற்கும் பலகை, மேலே மூடுகல், ஒரு பக்கம் திறப்பு. பெரும்பாலும் மூடுகல் சரிந்து கிடக்கும், அல்லது காணாமல் போயிருக்கும். அப்போது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் பலகை விளிம்புகள் நீளச் சதுரமாகத் துருத்திக்கொண்டிருக்கும், புல்லில் கால் இடறித்தான் அதைக் கண்டுபிடிப்போம். சுற்றிலும் அடுக்குக் கல் சுவரின் அடி தெரிகிறதா என்றும் பாருங்கள். பல திட்டைகளை ஒரே சுற்றுச்சுவருக்குள் அடக்கிக் கட்டும் பழக்கம் இந்த மலையில் உண்டு.

தோட்டத்துக் கல்லுக்கட்டை நினைத்துக் குழம்ப வேண்டாம். கல்லுக்கட்டு சரிவின் வளைவோடு நீளமாக ஓடும், சின்னக் கல்லால் அடுக்கியிருக்கும். ஆனால் அதில் ஆளுயரப் பலகை ஒன்று படுக்கவைத்துக் கட்டப்பட்டிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.

பானை ஓட்டில் பார்க்க வேண்டியது நிறம். இரும்புக்கால ஈமச்சின்னங்களோடு வரும் கருப்பு-சிவப்பு ஓட்டில் உள்பக்கமும் வாய் விளிம்பும் கருப்பு, வெளியே கீழ்ப்பாகம் சிவப்பு, விரலால் தடவினால் வழுவழுப்பு. சமையல் பானையில் கரி பிடித்திருப்பது வெளிப்பக்கம், இதில் கருப்பு உள்பக்கம். ஓட்டின் உடைந்த விளிம்பை ஈர விரலால் துடைத்துவிட்டுப் பார்த்தால் இரு நிறமும் அடுத்தடுத்துத் தெரியும். பார்த்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பையில் போட்டுக் கொண்டுவந்த ஓட்டுக்கு இடம் இல்லை, இடம் இல்லாத ஓட்டை வைத்து ரோட்டை நகர்த்தச் சொல்ல முடியாது.

பழைய ரோட்டின் வெட்டுமுகத்தையும் விடாதீர்கள். மழைக்குப் பின் மண் கழுவப்பட்ட வெட்டில் குழி வடிவில் கருமண், கரித்துண்டு, செங்குத்தாக நிற்கும் கல் விளிம்பு தெரிந்தால் மேலே ஏறிப் பாருங்கள். பழைய கற்சுவர்கள், மைல் கற்கள், 1914இல் காட் ரோடு (கொடைக்கானலுக்கு ஏறும் வண்டிப்பாதை) வருவதற்கு முன் மக்கள் நடந்தும் குதிரையிலும் டோலியிலும் ஏறிய தடங்கள், இவையும் பதிவுக்கு உரியவைதான்.

பதிவு

ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஜிபிஎஸ் புள்ளி (மரத்தடியில் செல்போன் சில மீட்டர் தப்பும், நின்று நாலைந்து முறை எடுங்கள்), புல எண், உத்தேச நடுக்கோட்டிலிருந்து டேப் பிடித்து அளந்த தூரம், மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, நீள அகல உயரம், மூடுகல்லின் கனம், திறப்பு எந்தத் திசை, இப்போதைய நிலை, யார் சொல்லித் தெரிந்தது. படம் நாலு பக்கமும், ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும். பிறகு தள்ளி நின்று ஒரு படம், அதில் திட்டையும் ரோட்டுக் கல்லும் ஒன்றாகத் தெரிய வேண்டும். பொறியாளர் அந்தப் படத்தைத்தான் பார்ப்பார்.

இடத்தின் துல்லியமான புள்ளியை முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ போடாதீர்கள். புதையல் தேடுகிறவர்கள் அடுத்த வாரமே கடப்பாரையோடு வருவார்கள்.

தோண்டக் கூடாது

சந்தேகம் எவ்வளவு வந்தாலும் ஒரு கை மண்ணைக்கூட எடுக்காதீர்கள். அகழாய்வுக்கு முறையான அனுமதி உள்ளவர்கள் மட்டுமே சோதனைக்குழி போடலாம். உங்கள் வேலை எங்கே குழி போட வேண்டும் என்று காட்டுவது.

அறிக்கையில் என்ன கேட்பது

வெறும் பட்டியல் கொடுத்தால் கோப்பில் தூங்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். முதல் தேர்வு எப்போதும் ரோட்டுக்கோட்டை நகர்த்துவது அல்லது வளைவை அடுத்த முனைக்கு மாற்றுவது. அது முடியாவிட்டால், வேலை தொடங்கும் முன் கம்பி வேலி, அருகில் வெடி வைக்கக் கூடாது என்ற நிபந்தனை. அதற்கும் வழியில்லை, அழியத்தான் போகிறது என்றால் தொல்லியல் துறை முன்கூட்டியே முழு அகழாய்வு செய்ய வேண்டும், அதற்கான செலவும் காலமும் எஸ்டிமேட்டிலேயே இருக்க வேண்டும். திட்டையைப் பெயர்த்து வேறிடத்தில் நிறுத்துவதாகச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ள அவசரப்படாதீர்கள், பாறை மேல் நின்ற அந்த இடமும் பார்வையும் போய்விட்டால் மிச்சம் நாலு பலகைக் கல்தான்.

டெண்டர் நிபந்தனையில் சேர்க்கச் சொல்ல வேண்டியவை: எந்தப் பழைய கல் அமைப்பிலிருந்தும் கல் எடுக்கக் கூடாது, மண் கொட்டும் இடம் வரைபடத்தில் குறித்த இடமாகவே இருக்க வேண்டும், பழம்பொருள் வெளிப்பட்டால் வேலையை நிறுத்த வேண்டும், அந்த நிறுத்தத்துக்கு ஒப்பந்தக்காரருக்கு அபராதம் கிடையாது. கடைசி வரி மிக அவசியம். அபராதம் விழும் என்று தெரிந்தால் எந்த ஆபரேட்டரும் கண்டதைச் சொல்ல மாட்டார், மண்ணைப் போட்டு மூடிவிடுவார்.

அறிக்கையின் நகல்கள் மாவட்ட ஆட்சியர், மாநிலத் தொல்லியல் துறை, ரோடு போடும் துறையின் கோட்டப் பொறியாளர், ஊராட்சி ஆகிய நால்வருக்கும் போக வேண்டும். ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து வரும் கிராம சபையில், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 எது முதலில் வருகிறதோ அதில், தீர்மானமாகவும் போட்டுவிடுங்கள்.

வேலை நடக்கும்போது

ஜேசிபி ஓட்டுநரிடமும் கல் உடைக்கிறவர்களிடமும் ஒரு மணி நேரம் பேசுங்கள். ஓட்டின் படம், பலகைக் கல்லின் படம், சூதுபவள மணியின் (சிவப்புக் கல் மணி) படம் காட்டுங்கள். வாளியில் முதலில் பார்க்கப் போவது அவர்கள் கண்தான். ஏதாவது வந்தால் வண்டியை நிறுத்தி, பொருளை எடுக்காமல், சுற்றிக் கயிறு கட்டி, கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் அன்றே சொல்ல வேண்டும். மண்ணுக்குள் புதைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், அதை மறைப்பது குற்றம் என்பதையும் பதமாகச் சொல்லி வையுங்கள்.

செடி வெட்டும் நாள், முனைகளில் முதல் வெட்டு விழும் நாள், மண் கொட்டத் தொடங்கும் நாள், இந்த மூன்று நாட்களும் உங்கள் குழுவில் யாராவது ஒருவர் அங்கே நிற்க வேண்டும். ரோடு முடிந்த பிறகு வரும் முதல் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் புது வெட்டுமுகத்தை ஓரமாக ஒரு தடவை முழுக்க நடந்து பாருங்கள். சரிந்த இடங்களில் புதிதாக ஏதாவது தெரிந்தால் பழைய பட்டியலின் கடைசி எண்ணுக்கு அடுத்த எண் கொடுத்து, அதே நாலு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.